எசேக்கியா ராஜா ஜெயித்தாரா, தப்பித்தாரா?

நாணல்குச்சி எழுதியது:

தாவீதையும் சாலொமோனையும் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, அவர்களை விட்டுவிடுகிறேன். யூதா ராஜாக்களில் ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பவர் எசேக்கியா. ஆகாஸின் மகன், 25 வயதில் பட்டத்துக்கு வந்து எருசலேமில் 29 வருடம் ஆண்டவர். ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொன்ன கதை ரொம்ப எளிது. நல்ல ராஜா, விக்கிரகங்களை உடைத்தார், அசீரியன் படையோடு வந்து மிரட்டினான், ராஜா ஆலயத்தில் போய் ஜெபித்தார், ஒரே ராத்திரியில் தூதன் 1,85,000 பேரைச் சங்கரித்தான், அசீரிய ராஜா சனகெரிப் தன் தலைநகர் நினிவேக்கு ஓடிப்போனான். அவ்வளவுதான், அடுத்த வாரம் வேறு ராஜா.

சனகெரிப் தன் பக்கத்துக் கதையையும் எழுதிவைத்திருக்கிறான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு பட்டை வைத்த களிமண் தூண் ஒன்று, 1830இல் நினிவேயில் கிடைத்தது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவன் சொல்வது இது: யூதாவின் 46 கோட்டை நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்து கொள்ளையாக எண்ணினேன், எசேக்கியாவை அவன் அரண்மனை இருக்கும் எருசலேமுக்குள்ளேயே கூண்டுப் பறவை மாதிரி அடைத்தேன், 30 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் இன்னும் என்னென்னவோ வாங்கினேன். இவ்வளவும் சொல்கிறவன் எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் பேசுவது ஒரே சண்டையை, கி.மு. 701. இதில் யார் ஜெயித்தது? எசேக்கியா ஜெயிக்கவில்லை, தப்பித்தார், அதற்கான விலையை வேறு ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள் என்பது என் கருத்து. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

பாளைக்காரன் எழுதியது:

தம்பி, அடிக்க வரவில்லை. ஆனால் வேதத்தையே நீங்கள் பாதிதான் வாசித்திருக்கிறீர்கள். 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் 14 முதல் 16 வரை எடுத்துப் பாருங்கள். எசேக்கியா லாகீஸ் நகரத்தில் இருக்கும் சனகெரிப்புக்கு ஆள் அனுப்பி, தப்பு என்னுடையது, என்னை விட்டுப் போய்விடும், என்ன சுமத்தினாலும் சுமக்கிறேன் என்கிறார். அவன் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கேட்கிறான். கொடுக்க முடியாமல் ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் தானே அடித்துவைத்த பொன் தகட்டைத் தானே உரித்துக் கொடுக்கிறார். இதைவிடப் பரிதாபமாக ஒரு ராஜாவைப் பற்றி எழுத முடியுமா?

பொன் கணக்கைக் கவனித்தீர்களா? இரண்டு பக்கமும் 30தான். வெள்ளியில்தான் 300, 800 என்று அடித்துக்கொள்கிறது. எதிரியின் கணக்குப்பிள்ளையும் நம்முடைய கணக்குப்பிள்ளையும் ஒரு வரியில் ஒத்துப்போகிறார்கள் என்றால் அது பெரிய விஷயம்.

அப்புறம் இன்னொன்று. இதே கதை ஏசாயா 36இல் ஏறக்குறைய வரிக்கு வரி வருகிறது. இந்த மூன்று வசனம் மட்டும் அங்கே கிடையாது. 2 நாளாகமம் 32இலும் கிடையாது. ஞாயிறு பள்ளி வாத்தியார்களைக் குறை சொல்லாதீர்கள், அவர்களுக்கு முன்பே வேலை நடந்துவிட்டது.

ஒற்றைப்பனை எழுதியது:

இரண்டு பக்கமும் புளுகுகிறது என்பதுதான் என் கட்சி. 2,00,150 பேர் அன்றைய யூதாவில் மொத்தமாகவே இருந்திருப்பார்களா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்கள் உண்டு. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பான் என்று சிலர் சமாளிக்கிறார்கள். 1,85,000 பிணத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூண்டுப் பறவை உவமையும் அவனுடைய சொந்தச் சரக்கில்லை. அவனுக்கு முன்பு அசீரியாவை ஆண்ட மூன்றாம் திக்லாத்பிலேசர் தமஸ்குவின் ராஜா ரேத்சீனைப் பற்றி அதையேதான் எழுதினான், அந்த வருடம் தமஸ்கு விழவில்லை. அதாவது ஊரைச் சுற்றிவளைத்தும் பிடிக்க முடியாமல் திரும்பினால் அசீரிய எழுத்தர்கள் எடுத்துப் போடும் வரி அது. தோற்ற கட்சி “வாக்கு சதவீதம் கூடியிருக்கிறது” என்று அறிக்கை விடுவதைப் போல.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரோதோத்து சொல்லும் எலிக்கதையையும் யாராவது கொண்டுவருவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். எகிப்தின் எல்லையில் பெலூசியத்தில் சனகெரிப்பின் படை இறங்கியபோது ராத்திரியோடு ராத்திரியாக வயல் எலிகள் வந்து அம்பறாத்தூணியையும் வில்லின் நாணையும் கேடயத்தின் கைப்பிடியையும் கடித்துப் போட்டதாம். எலி என்றதும் கொள்ளைநோய், ஆகவே பைபிள் சரி என்று ஒரு பாலம் கட்டுவார்கள். இடமும் வேறு, தப்பிய ராஜாவும் வேறு. அவ்வளவு தூரம் அந்தப் பாலம் தாங்காது.

கல்லுளி எழுதியது:

நான் சிவில் ஆள், வேதமும் தெரியாது அசீரியாவும் தெரியாது. ஆனால் எசேக்கியா பேரைச் சொல்லிவிட்டு அந்தச் சுரங்கத்தைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லையே!

எருசலேமுக்கு நிரந்தர நீர் ஒன்றே ஒன்றுதான், கீகோன் ஊற்று. அது மதிலுக்கு வெளியே, கிழக்குப் பள்ளத்தாக்குப் பக்கம். முற்றுகை வந்தால் எதிரி குடிப்பான், ஊர் காயும். அதனால் மலைக்கு அடியில் பாறையைக் குடைந்து தண்ணீரை ஊருக்குள் சீலோவாம் குளத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். நீளம் 533 மீட்டர். இந்த முனையிலிருந்து ஒரு கோஷ்டி, அந்த முனையிலிருந்து ஒரு கோஷ்டி, நடுவில் சந்தித்திருக்கிறார்கள். பாதை நேர்கோடு இல்லை, பாம்பு மாதிரி வளைந்து போகிறது. திசைகாட்டி இல்லை, கோணம் அளக்கும் தியோடலைட் இல்லை. மேலே நின்று பாறையைத் தட்டி, கீழே இருப்பவன் சத்தத்தை வைத்துத் திசை பிடித்திருப்பான் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இன்றைக்கு லேசர் வைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒன்று சேர்வதற்குள் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

என்னைத் தூக்கிப்போட்டது நீளமோ வளைவோ இல்லை, வாட்டம். 533 மீட்டருக்கும் சேர்த்து மொத்த இறக்கம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்! வீட்டுக் குளியலறைத் தரைக்கு வாட்டம் சரியாக வரவில்லை என்று எத்தனை வீட்டில் சண்டை நடக்கிறது, தெரியுமா?

உள்ளே சுவரில் ஒரு கல்வெட்டு இருந்தது. 1880இல் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் கண்ணில் பட்டது. அப்போது எருசலேம் துருக்கி ஆட்சியில் இருந்ததால் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ராஜா பேர் இல்லை, சாமி பேரும் இல்லை. இன்னும் மூன்று முழம் பாக்கி இருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, உளிக்கு எதிர் உளியாக வெட்டினார்கள், தண்ணீர் 1200 முழம் ஓடிக் குளத்தில் விழுந்தது, தலைக்கு மேலே பாறை 100 முழ உயரம், இவ்வளவுதான். நம்ம ஊர்ப் பூக்காரம்மா கையால் அளக்கும் அதே முழம்தான், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. உலகத்தில் எந்தத் திறப்பு விழாக் கல்லும் இப்படி இருந்ததில்லை, மேஸ்திரிகள் தாங்களே எழுதிக்கொண்டது போல இருக்கிறது.

ஒற்றைப்பனை எழுதியது:

ராஜா பேர் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் எப்படி எசேக்கியாவின் சுரங்கம்?

கல்லுளி எழுதியது:

கேட்பீர்கள் என்று தெரியும். 2003இல் சுரங்கத்தின் காரைப் பூச்சில் இருந்த செடித் துணுக்குகளைக் கார்பன் முறையிலும், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்பை யுரேனியம்-தோரியம் முறையிலும் சோதித்தார்கள், காலம் ஏறக்குறைய கி.மு. 700 என்று வந்தது. எழுத்தின் வடிவமும் அதற்குப் பொருந்துகிறது. 2 இராஜாக்கள் 20:20 எசேக்கியா குளத்தையும் வாய்க்காலையும் உண்டாக்கித் தண்ணீரை நகரத்துக்குள் வரவழைத்தார் என்கிறது. இல்லை, அதற்கும் நூறு வருடம் முந்தியது என்று 2011இல் அங்கே தோண்டிய இரண்டு பேர் வாதாடினார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. எனக்கு அதில் கட்சி இல்லை. வாட்டத்தில்தான் என் கட்சி.

நாணல்குச்சி எழுதியது:

சுரங்கம் அற்புதம், ஒத்துக்கொள்கிறேன் கல்லுளி அண்ணே. ஆனால் என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தலைநகரத்துக்குச் சுரங்கம் வெட்டினார், மேற்கு மேட்டில் ஏழு மீட்டர் தடிமனில் மதில் கட்டினார் (1970களில் தோண்டியெடுத்தார்கள், பழைய எருசலேமின் யூதர் பகுதியில் இன்றும் பார்க்கலாம், மதிலுக்காக இடித்த வீடுகளின் மிச்சமும் அடியில் இருக்கிறது). சரி. லாகீசுக்கு என்ன செய்தார்?

லாகீஸ் யூதாவின் இரண்டாவது பெரிய நகரம், தென்மேற்கே தாழ்ந்த மலைகளின் பக்கம். சனகெரிப் அங்கே கல்லைக் கொட்டிச் சரிவு போட்டு, அதன் மேலே இடிக்கும் பொறியை ஏற்றி மதிலை உடைத்தான். அந்தச் சரிவு இன்னும் அங்கே இருக்கிறது, அசீரியர் போட்டதில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள். உள்ளேயிருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, மதிலுக்கு உள்பக்கம் எதிர்மேடு போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் அம்பு முனைகள் கிடைத்தன. 1930களில் அங்கே ஒரு குகையில் குவியலாக ஏறக்குறைய 1500 பேரின் எலும்பு கிடைத்தது. அது இந்த முற்றுகையில் செத்தவர்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவில்லை, அதனால் அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்க்க வேண்டியது சனகெரிப்பின் அரண்மனைச் சுவரில் இருந்த சிற்பங்களில் இருக்கிறது. நினிவேயில் ஒரு தனி அறை முழுக்க லாகீஸ்தான். மதிலிலிருந்து தீவட்டி எறிகிறார்கள், கழுவில் மூன்று பேர் தொங்குகிறார்கள், இரண்டு பேரைத் தரையில் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள், மாட்டு வண்டியில் மூட்டையோடு பெண்களும் பிள்ளைகளும் ஊரை விட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் சனகெரிப் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். களிமண் தூணில் லாகீஸ் என்ற பேரே இல்லை, சுவரில் எருசலேம் இல்லை. பிடித்ததைப் படமாகப் போட்டான், பிடிக்காததை வார்த்தையால் மெழுகினான்.

வேதத்தில் லாகீஸ் எப்படி வருகிறது? சனகெரிப் முகாம் போட்டிருந்த இடமாக, எசேக்கியா காணிக்கை அனுப்பிய விலாசமாக. அங்கே செத்தவர்களுக்கு அரை வசனம்கூடக் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், எசேக்கியாவை எருசலேமில் நின்று பார்க்காதீர்கள், லாகீசில் நின்று பாருங்கள்.

செம்பருத்தி எழுதியது:

நாணல், உணர்ச்சி சரி, ஆனால் அரசியலை விட்டுவிட்டாய். கி.மு. 705இல் சனகெரிப்பின் தகப்பன் சர்கோன் போர்க்களத்தில் செத்தான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. பாபிலோன் பக்கம் கலகம், மேற்கே கலகம். கப்பம் கட்டிக்கொண்டிருந்த அத்தனை குட்டி ராஜாக்களும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். எசேக்கியா அதில் பின்னால் ஓடியவர்கூட இல்லை, தலைமை தாங்கியவர். எக்ரோன் ஊரின் ராஜா பாதி என்பவன் அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்தான், அவனை ஊர்க்காரர்கள் விலங்கு போட்டு எசேக்கியாவிடம் ஒப்படைத்தார்கள், இவர் எருசலேமில் சிறைவைத்தார். சனகெரிப்பே எழுதியிருக்கிறான். பக்கத்து ராஜாவைச் சிறையில் போடுகிற ஆளை வெறும் ஜெபவீரராக மட்டும் பார்க்க முடியாது.

முன்னேற்பாடும் நடந்திருக்கிறது. “ராஜாவுக்குரியது” என்று முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, எப்ரோன், சீப், சோக்கோ என்று ஊர்ப் பேரும் இருக்கும், லாகீசில்தான் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. எண்ணெயோ திராட்சரசமோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. லாகீசை அம்போ என்று விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் காலத்திலேயே இதை எதிர்த்த ஒரு ஆள் உண்டு, ஏசாயா தீர்க்கதரிசி. எகிப்தை நம்பிப் போகிறவர்களுக்கு ஐயோ என்று 30, 31 அதிகாரங்களில் கத்துகிறார். 22இல் இன்னும் நேரடியாக, வீடுகளை எண்ணி இடித்து மதிலைப் பலப்படுத்தினீர்கள், இரண்டு மதிலுக்கும் நடுவே தண்ணீருக்குக் குளம் உண்டாக்கினீர்கள், இதையெல்லாம் செய்த கடவுளை நோக்கிப் பார்க்கவில்லை என்கிறார். கல்லுளி புகழ்ந்த அதே வேலைக்குத்தான் இந்தத் திட்டு!

எதிரியின் தூதன் ரப்சாக்கே பேசுவதும் இதே வாதம்தான். எகிப்து நெரிந்த நாணல், ஊன்றினால் உன் கையில்தான் குத்தும் என்கிறான். உனக்கு 2000 குதிரை தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா என்று நக்கல் வேறு. மதில்மேல் ஜனங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சீரிய பாஷையில் பேசும் என்று எசேக்கியாவின் ஆட்கள் கெஞ்ச, அவர்களுக்குத்தான் சொல்ல வந்தேன், உங்களோடு சேர்ந்து தங்கள் மலத்தைத் தின்னப்போவது அவர்கள்தானே என்று யூதர் பாஷையிலேயே உரக்கக் கூவுகிறான். இவ்வளவு கூர்மையான பேச்சை எதிரி வாயில் வைத்து, அதை அப்படியே காப்பாற்றித் தந்தவர்கள் எருசலேம்காரர்கள். அதற்காகவே அந்த எழுத்தரை எனக்குப் பிடிக்கும்.

ஒற்றைப்பனை எழுதியது:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் சரி. மதச் சீர்திருத்தத்துக்கு வருவோம், இவருக்கு நல்ல பேர் கிடைத்ததே அதனால்தான். ஊர்களில் இருந்த வழிபாட்டு மேடைகளை இடித்தார், மோசே செய்ததாகச் சொல்லப்பட்ட வெண்கலச் சர்ப்பத்தையே உடைத்தார், ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்களாம், அதற்கு நிகுஸ்தான் என்று பேர். தரையில் என்ன இருக்கிறது? பெயெர்செபாவில் கொம்பு வைத்த பலிபீடம் ஒன்றின் கற்களை 1973இல் கண்டுபிடித்தார்கள், பீடமாக இல்லை, கிடங்குச் சுவரில் வைத்துக் கட்டிய கல்லாக. ஒரு கல்லில் பாம்பு கீறியிருக்கிறது. ஆராத் கோட்டையில் ஒரு சின்னக் கோவிலை மூடியிருக்கிறார்கள். லாகீசின் வாசலில் ஒரு அறையில் பலிபீடத்தின் கொம்புகள் உடைக்கப்பட்டு, பக்கத்தில் கல்லால் ஒரு கழிப்பறை இருக்கை வைத்திருந்ததாக 2016இல் அறிவித்தார்கள், அதை யாரும் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லையாம், தீட்டுப்படுத்தத்தான் வைத்தார்கள் என்றார்கள். எல்லாம் எசேக்கியாதான் என்று சிலர், இல்லை என்று சிலர். எனக்கென்னவோ பக்தியும் வரிவசூலும் கைகோத்துப் போனது போலத் தெரிகிறது, ஊருக்கு ஊர் இருந்த கோவிலை மூடினால் காணிக்கையெல்லாம் தலைநகரத்துக்குத்தானே வரும்.

அப்புறம் அவருடைய சொந்த முத்திரையையே எடுத்திருக்கிறார்கள். எருசலேமில் ஓபேல் என்ற இடத்தில் 2009இல் தோண்டிய மண்ணில் கிடைத்து, 2015 டிசம்பரில் வெளியே சொன்னார்கள். ஒரு சென்டிமீட்டர் களிமண் துணுக்கு. “யூதாவின் ராஜா ஆகாஸின் மகன் எசேக்கியாவுக்குரியது” என்று எழுத்து. நடுவில் என்ன படம் தெரியுமா? சிறகு வைத்த சூரியன், இரண்டு பக்கமும் எகிப்தியரின் ஜீவச் சின்னம். விக்கிரகத்தை உடைத்த ராஜா!

பாளைக்காரன் எழுதியது:

தம்பி ஒற்றைப்பனை, ராஜாங்க முத்திரையில் என்ன படம் போடுவது என்பது அந்தக் காலத்து வழக்கம், அதை வைத்து விசுவாசத்தை எடைபோடாதீர்கள். அந்த ஜீவச் சின்னம் வியாதியிலிருந்து பிழைத்ததற்கு அடையாளம் என்றுகூட ஒரு கருத்து உண்டு.

வியாதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சாகப்போகிறாய், வீட்டுக் காரியத்தை ஒழுங்குபண்ணு என்று ஏசாயா சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். ஏசாயா பாதி முற்றம் தாண்டுவதற்குள் திரும்பிவந்து, 15 வருடம் கூட்டிக் கொடுத்தாயிற்று என்கிறார், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் கட்டச் சொல்கிறார். எத்தனை முறை வாசித்தாலும் அந்தச் சுவர் என்னை விடாது.

ஆனால் அதற்கு அடுத்த காட்சியில் எனக்கே அவர்மேல் கோபம் வரும். பாபிலோனிலிருந்து வந்த தூதருக்குப் பொக்கிஷசாலை முழுவதையும் காட்டுகிறார். இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகள் அங்கே அரண்மனையில் ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகராக இருப்பார்கள் என்கிறார் ஏசாயா. அதற்கு இவர், நல்லது, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்கிறார். தகப்பன் பேசுகிற பேச்சா அது? இதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருக்கு முன்னும் பின்னும் அவரைப் போல ஒருவரும் இல்லை என்று இரண்டு அதிகாரத்துக்கு முன்பு புகழ்ந்த அதே புத்தகம்.

செம்பருத்தி எழுதியது:

அண்ணாச்சி, யூத ரபிகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய நூலான தல்மூதில் ஒரு பேச்சு உண்டு: கடவுள் எசேக்கியாவையே மேசியாவாக ஆக்க நினைத்தார், ஆனால் சனகெரிப்பிடமிருந்து தப்பியபோது இவர் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை, அதனால் அது நடக்கவில்லை என்று. ஹில்லேல் என்ற ஒரு ரபி இன்னும் ஒரு படி மேலே போய், இஸ்ரவேலுக்கு இனி மேசியா கிடையாது, எசேக்கியாவின் நாளிலேயே அனுபவித்துத் தீர்த்தாயிற்று என்றார். மற்றவர்கள் அவரை ஒரு பிடி பிடித்தார்கள்.

எனக்குப் பிடித்தது யோகனான் பென் சக்காய் என்ற ரபியின் சாவு. ரோமர் எருசலேமை எரித்ததைத் தன் வாழ்நாளில் பார்த்தவர். சாகும்போது, வீட்டிலிருக்கும் பாத்திரங்களை வெளியே எடுங்கள், தீட்டாகிவிடும் என்றார். அடுத்து, வந்துகொண்டிருக்கும் யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றார். தாவீதுக்கு இல்லை, சாலொமோனுக்கு இல்லை. எருசலேம் விழுந்ததைக் கண்டவர், எருசலேம் விழாமல் நின்ற காலத்து ராஜாவை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நாணல்குச்சி எழுதியது:

அக்கா, அந்த நாற்காலி என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். 701இல் எருசலேமும் வடக்கு இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா மாதிரி விழுந்திருந்தால், 722வாக்கில் சிதறிப்போன அந்த வடக்கத்தியர் போல இவர்களும் எங்கேயோ கரைந்திருப்பார்கள், நாம் வாசிக்கும் ஏசாயாவும் இராஜாக்கள் புத்தகமும் நம் கைக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம். நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தில், எசேக்கியாவின் மனுஷர் பெயர்த்தெழுதியவை என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த எழுத்தர்கள் எல்லாம் மதிலுக்கு உள்ளேதான் இருந்தார்கள்.

ஆனாலும் விடமாட்டேன். சனகெரிப் மேற்கத்திய ஊர்களைப் பிடுங்கி அஸ்தோத், எக்ரோன், காசா ராஜாக்களுக்குப் பிரித்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறான். யூதாவின் நல்ல விளைநிலம் போயிற்று. அடுத்து வந்தவன் மகன் மனாசே, 12 வயதுப் பையன். அண்ணாச்சி சொன்ன அந்தப் 15 வருடத்துக்குள் பிறந்தவன். 55 வருடம் ஆண்டான், அசீரியாவுக்கு ஒழுங்காகக் கப்பம் கட்டினான், சனகெரிப்பின் மகன் எசரத்தோன் தன் அரண்மனைக்கு மரமும் கல்லும் சுமந்துவரச் செய்த ராஜாக்களின் பட்டியலில் அவன் பேரும் இருக்கிறது. அவனைப் போலக் கெட்டவன் வேறு எவனும் இல்லை என்கிறது வேதம். ஆனால் அவன் நாளில் எந்த லாகீசும் எரிந்ததாக நான் எங்கேயும் வாசிக்கவில்லை. அப்படியென்றால் யார் நல்ல ராஜா?

பாளைக்காரன் எழுதியது:

சொந்த மகனையே தீமிதிக்க வைத்தவன், எருசலேமை நான்கு மூலையும் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பினவன் என்று 2 இராஜாக்கள் 21இல் இருக்கிறது, அதையும் வாசித்துவிட்டு வா தம்பி. மனாசேக்கு வேறு இழை திற, இதிலேயே இழுக்காதே. நாளைக்குச் சபையில் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன்.

கல்லுளி எழுதியது:

திங்கட்கிழமைக்குள் யாராவது அந்தச் சுரங்கத்தின் நீள்வெட்டுப் படம் வைத்திருந்தால் போடுங்கள். இரண்டு கோஷ்டியும் சந்தித்த இடத்தில் எவ்வளவு பிசகியது என்று பார்க்க வேண்டும்.